வைவாவுக்கு முன்னால் வைத்த பேனர்

எங்கள் கல்லூரிப் பெண் ஆசிரியர்களின் கைப்பேசி எண்களைச் சேமித்து வைத்தால் ஒரு பூக்கடையே வந்து சேரும். ஒருவர் வாட்ஸ்அப் படத்தில் செம்பருத்தி, இன்னொருவர் படத்தில் தாமரை. பிள்ளை பெற்றவர்கள் பிள்ளையின் படம், மற்றவர்கள் சாமி படம். என்னுடையது சங்குப்பூ. ஆண் ஆசிரியர்கள் எல்லாருக்கும் முகம் உண்டு. கறுப்புக் கண்ணாடி போட்ட முகம், மலையுச்சியில் கையை விரித்து நிற்கும் முகம், யாரோ பிரமுகருக்குச் சால்வை போர்த்தும் முகம்.

வேதியியல் சொல்லிக்கொடுக்க நான் அங்கே போன முதல் வருடமே இந்தப் பூக்களுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. எனக்கு மூத்த ஒரு பேராசிரியை தன் தங்கையின் கல்யாணத்தில் ஒரு பாட்டுக்குக் கொஞ்சம் ஆடினார். உறவுக்காரர் யாரோ அதை ரீல்ஸில் போட, அது மாணவர்கள் கைக்கு வந்தது. அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் பின்பெஞ்சில் அந்தப் பாட்டை முனகினார்கள். நிர்வாகம் முனகியவர்களைக் கூப்பிடவில்லை, ஆடியவரைத்தான் கூப்பிட்டது. அந்த வருடக் கடைசியில் அவர் வேலையை விட்டுப் போனார். நல்ல ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர். அவர் போன பிறகு கட்டுரையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை, ஆட்டத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அன்றைக்கே என் முகத்தை எடுத்துவிட்டுச் சங்குப்பூவை வைத்தேன்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஆனால் அதற்கும் முன்னால் பயம் வந்து இடம் பிடித்துக்கொள்ளும். பெஞ்சில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல.

எங்கள் வீடு சாலவாக்கம் பக்கத்தில் ஒரு காலனி. அம்மா இன்றைக்கும் அடுத்தவர் கழனியில் நாற்று நடுகிறாள், களை பறிக்கிறாள். தம்பி ஒரு கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறான். எங்கள் தெருவில் பட்டப்படிப்பு முடித்தவர்கள் இருக்கிறார்கள். முனைவர் பட்ட ஆய்வுவரை போனவள் நான் ஒருத்திதான். சுற்று வட்டாரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு எப்படி ஏறுகிறது என்பதுதான் ஆய்வு. திருப்புலிவனம் பக்கம் கிணறு கிணறாகப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் பையை முகர்ந்துவிட்டு, "இன்னா மேடம், சரக்கா?" என்பார்.

கல்லூரியில் நான் தற்காலிகம். எங்கள் துறையில் ஒரு நிரந்தர இடம் காலியாக இருந்தது. அதற்கு முனைவர் பட்டம் வேண்டும். அந்த ஒரு இடத்தை நினைத்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் பட்டம் வந்துவிடாது. வெளியூர் நிபுணர்கள் அதைப் படித்து அறிக்கை தர வேண்டும். பிறகு எல்லார் முன்னாலும் வாய்மொழித் தேர்வு, அதைத்தான் வைவா என்போம். அதுவும் முடிந்து பல்கலைக்கழகத்தின் ஆணை கைக்கு வந்த பிறகுதான் பெயருக்கு முன்னால் டாக்டர். இது எங்களுக்குத் தெரியும். எங்கள் வீடுகளுக்குத் தெரியாது.

ஆய்வேட்டைக் கொடுக்கும் நாளில் ஒரு வழக்கம் உண்டு. கெட்டி அட்டை போட்ட ஆய்வேட்டை ஆய்வாளர் ஒரு பக்கமும் வழிகாட்டும் பேராசிரியரான கைடு ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு துறை வாசலில் படம் எடுத்துக்கொள்வார்கள். நானும் எடுத்துக்கொண்டேன். என் கைடு சிரிக்காத மனிதர், அன்றைக்குக் கொஞ்சம் சிரித்தார். அந்தப் படத்தை எந்தக் குரூப்பிலும் போடவில்லை. ஸ்டேட்டஸ் வைக்கவில்லை. தம்பிக்கு மட்டும் அனுப்பினேன். கூடப் பிறந்தவனுக்கு அனுப்புவதற்குக் கூடவா ஒருத்தி யோசிப்பாள்?

அந்த வாரக் கடைசியில் ஊருக்கு வந்தேன். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குள் வண்டி திரும்பும்போது ஜன்னல் வழியே என் முகத்தைப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பேனர். கறுப்புக் கவுன், தலையில் குஞ்சம் தொங்கும் தொப்பி, கையில் சுருட்டிய பட்டம். அதற்கு மேலே என் அடையாள அட்டைப் படத்திலிருந்து வெட்டி எடுத்த முகம், கழுத்தில் சரியாகப் பொருந்தாமல். "டாக்டர் பட்டம் பெற்று எங்கள் மண்ணுக்குப் பெருமை சேர்த்த அன்பு அக்கா" என்று மஞ்சள் எழுத்து. கல்லூரியின் பெயரும் துறையின் பெயரும் கொட்டை எழுத்தில். கீழே கறுப்புக் கண்ணாடியோடு தம்பியின் கூட்டாளிகள் வரிசையாக. மேலே வலது ஓரத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் மாட்டியிருக்கும் தலைவர் படம். நான் எந்தத் தெருவிலிருந்து வருகிறேன் என்று கல்லூரியில் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இனி யாரும் கேட்க வேண்டியிருக்காது.

எல்லாரும் இறங்கிய பிறகு கடைசியாக இறங்கினேன். துப்பட்டாவை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டேன். என் ஊர் பஸ் நிலையத்தில் என் முகத்துக்குப் பக்கத்திலேயே நான் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன்.

தம்பி வண்டியோடு காத்திருந்தான். வாயெல்லாம் பல்.

"எப்டி கீதுக்கா?"

"யார்ரா இத வெக்கச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? காதுகுத்துக்கே வெக்கிறானுங்கோ. நீ டாக்டராயிட்ட, நாம வெக்கக் கூடாதா?"

"நான் இன்னும் டாக்டர் ஆவலடா."

"அதான் உங்க சாரு உன் கைல புக்கு குடுக்கறாரே, போட்டோல."

"நான்தாண்டா அவருக்குக் குடுத்தேன்."

அவன் போனை எடுத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "பாத்தா அவரு குடுக்கற மாரிதான் கீது," என்றான்.

"சரி, இந்தக் கவுனு?"

"அது கடைலயே ரெடியா வெச்சிக்கினு கீறாங்கக்கா. மூஞ்சி மட்டும் நாம குடுத்தா போதும்."

இப்போதே இறக்கு என்றேன். அவன் முகம் சுருங்கிப் போனது. பேனரை இறக்குவது பெரிய வேலை இல்லை. ஆனால் முதல் நாளே அதைப் படமெடுத்துப் பாட்டுப் போட்டு ரீல்ஸில் விட்டிருந்தான். அதில் கல்லூரியையும் டேக் போட்டுக் கோத்துவிட்டிருந்தான். கூட்டாளிகள் ஆளாளுக்குப் பகிர்ந்திருந்தார்கள். கயிற்றை அவிழ்த்தால் பேனர் கீழே வந்துவிடும், அந்த ரீல்ஸை எந்தக் கயிற்றை அவிழ்த்து இறக்குவது?

வீட்டுக்குப் போனால் அம்மா அதற்கு மேல். கூட வேலை செய்யும் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்ப் பேனர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"இன்னாத்துக்குடி அத எறக்கச் சொன்ன? ஊருக்காரங்கல்லாம் நின்னு பாத்துட்டுப் போறாங்க. நம்ம போர்ட நின்னு பாக்கறாங்கடி," என்றாள்.

கோபம் வந்திருந்தால் நான்கு வார்த்தை திட்டியிருப்பேன். பயம் வந்தவளுக்கு வாய் ஒட்டிக்கொள்கிறது.

ரீல்ஸின் கீழே எழுதியிருந்ததைப் படிக்காமல் இருந்திருக்க வேண்டும். படித்தேன். "இந்தக் கவுன் எந்தக் கடையில் வாடகை?" என்று ஒருவர். "இவங்களுக்கெல்லாம் சும்மாவே கொடுப்பாங்க" என்று இன்னொருவர். அதற்குச் சிரிக்கும் முகங்கள் வரிசையாக. அந்த முகமில்லாத பெயர்களில் எது என் வகுப்பில் முன்வரிசையில் உட்காருகிறது, எது என்னோடு ஒரே அறையில் டீ குடிக்கிறது என்று எனக்குத் தெரியாது. பயம் அங்கேதான் பிடித்துக்கொண்டது. எதிரி இன்னார் என்று தெரிந்தால் அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாம். தெரியாவிட்டால் எந்தப் பக்கம்தான் போவது?

கல்லூரிக்குப் போன அன்றே முதல்வர் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் கணினித் திரையில் அந்தப் பேனர். பெயர் போடாமல் யாரோ மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். பட்டம் வாங்காமலே டாக்டர் என்று விளம்பரம் செய்துகொள்ளும் ஆசிரியையின்மேல் நடவடிக்கை வேண்டுமாம். பல்கலைக்கழகத்துக்கும் ஒரு பிரதி.

"மேடம், இது நீங்களா?"

"முகம் நான்தான் சார்."

"அப்போ உடம்பு?"

"பேனர் கடையோடது சார்."

வேறு ஒரு நாளாக இருந்தால் இரண்டு பேருமே சிரித்திருப்போம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்டர்வியூ வர்ற நேரத்துல இதெல்லாம் தேவையா? கமிட்டியில யாராவது இதைக் காட்டினா நான் என்ன பதில் சொல்றது?" என்றார்.

எங்கள் துறையிலேயே ஓர் ஆண் ஆசிரியர் இருக்கிறார். எனக்கு ஒரு வருடம் முன்னால் ஆய்வேட்டைக் கொடுத்தவர். கொடுத்த அன்றே தன் சமூக வலைத்தளக் கணக்கில் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்டார். துறையில் கேக் வெட்டினோம். கேக் மேலும் டாக்டர் என்றுதான் கிரீமில் எழுதியிருந்தது. அவருடைய வைவா அடுத்த பருவத்தில்தான் நடந்தது. முதல்வரும் அந்தக் கேக்கில் ஒரு துண்டு சாப்பிட்டவர்தான். இது அவ்வளவும் என் தொண்டைவரை வந்தது. ஆனால் நிரந்தர இடத்துக்குப் போட்டி போடுகிறவள் பேசுகிற பேச்சா அது? "மன்னிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கைடு என்னைவிட அதிகம் பயந்திருந்தார். "மேல விசாரணைன்னு ஆரம்பிச்சாங்கன்னா வைவாவுக்குத் தேதியே கொடுக்க மாட்டாங்கம்மா. நான் ஓய்வு பெறப்போற நேரம். வெளியிலேர்ந்து வர்ற எக்ஸாமினருக்கு மட்டும் இது தெரியவே கூடாது," என்றார்.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் ஒரு கனமும் இல்லை. வழியெல்லாம் பயமாக இருந்தது. தேதி வராது, பட்டம் வராது, அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும், நான் மறுபடியும் ஊருக்குத் திரும்பி டியூஷன் எடுப்பேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் இதுதான் ஓடும். போன் அதிர்ந்தால் நெஞ்சு அதிரும். ஓய்வறைக்குள் நான் நுழையும்போது யாராவது போனைக் கவிழ்த்து வைத்தால் அது என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், எனக்கு வெளிச்சமான திரைகூடப் பேய்.

அந்த நாட்களில் என் கட்டுரை ஒன்று நல்ல ஆய்விதழில் வெளியானது. யாருக்கும் சொல்லவில்லை. போடலாமா என்று போனை எடுப்பேன், அந்தச் சிரிக்கும் முகங்கள் நினைவுக்கு வரும், கீழே வைத்துவிடுவேன். கேக் வெட்டிய அதே ஆசிரியர் தன் கட்டுரையைப் பற்றி நான்கு இடத்தில் பதிவு போட்டார். கோவையிலிருந்து அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். என்னுடைய கட்டுரையைப் பற்றித் தற்செயலாகத் தெரிந்தபோது, "போஸ்ட் போடுங்க மேடம், அப்பத்தானே நாலு பேருக்குத் தெரியும்," என்றார். நல்ல மனிதர்தான். நாலு பேருக்குத் தெரிந்ததால்தான் நான் இந்தக் கதியில் இருக்கிறேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இறக்கிய பேனரை அம்மா வீணாக்கவில்லை. ஆட்டுக் கொட்டகையின் கூரைமேல் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தாள். மழை வந்தால் என் கன்னத்தில் வழிந்து ஆடுகளின் பக்கத்தில் சொட்டியது. திருப்பிப் போடச் சொன்னேன்.

"திருப்பிப் போட்டா ஆடு உம்மூஞ்ச நக்கும், பரவால்லயா?" என்றாள். பிறகு, "நாங்க இன்னாடி தப்பு பண்ட்டோம்?" என்று கேட்டாள். நான் சொன்னேன், வைவா என்றால் என்ன, ஆணை என்றால் என்ன, யாரோ புகார் அனுப்பியது, எல்லாவற்றையும். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

ஒருவழியாகத் தேதி வந்தது. எக்ஸாமினர் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்துப் பேராசிரியை, இணைய வழியில்தான் வருவார். வைவா என்பது பொதுத் தேர்வு. அறிவிப்பையும் இணைப்பையும் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும், யார் வேண்டுமானாலும் நுழையலாம், கேள்வி கேட்கலாம். அந்த விதியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மின்னஞ்சல் அனுப்பிய ஆள் வருவான். எல்லார் முன்னாலும் அந்தப் பேனரைப் பற்றிக் கேட்பான். எக்ஸாமினர் பேனாவை மூடி வைத்துவிடுவார்.

துறை அரங்கில் பெரிய திரை. கைடு என் பக்கத்தில். பேராசிரியை இன்னும் கேமராவைப் போடவில்லை. அவர் பெயருக்கு மேலே ஒரு நந்தியாவட்டைப் பூ இருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு நொடி மூச்சு சீராக வந்தது. அடுத்த நொடி திரையின் கீழ்மூலையில் புதிதாக ஒரு கறுப்புச் சதுரம். முகம் இல்லை, ஆள் பெயர் இல்லை, போன் மாடலின் பெயர் மட்டும். வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

என்ன பேசினேன் என்று இன்றைக்கும் தெளிவாக நினைவில்லை. உப்பின் அளவு, பாறையின் தன்மை, வரைபடங்கள், எல்லாம் பழக்கத்தில் வாயிலிருந்து வந்தன. கண் அந்தக் கறுப்புச் சதுரத்திலேயே இருந்தது. கேமராவைப் போட்ட பிறகு பேராசிரியை கடினமாகத்தான் கேட்டார். பதில் சொன்னேன். கடைசியில் அவர், "பார்வையாளர்கள் யாராவது கேள்வி கேட்கணுமா?" என்றார்.

கறுப்புச் சதுரத்தைச் சுற்றிப் பச்சை விளிம்பு எரிந்தது.

முதலில் காற்று இரைந்தது. பிறகு ஓர் ஆடு கத்தியது. பிறகு, "பேசும்மா, கேக்குது," என்று என் தம்பியின் குரல்.

"அல்லாருக்கும் வணக்கம்," என்றாள் என் அம்மா. "நான் அதோட அம்மா பேசறேன். போன தபா பையன் தெரியாம போர்டு வெச்சிட்டான். யாரோ கம்ப்ளேண்டு பண்ட்டாங்க. அதால பொண்ணு ரொம்ப பேஜாராயி சோறு தண்ணி இல்லாம கீது. இப்ப நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிச்சே, நானும் கேட்டுக்கினுதான் இருந்தேன். இப்பனா போர்டு வெச்சிக்கலாமா? இன்னும் எதனா பாக்கி கீதா?"

கைடின் முகத்தில் ரத்தம் இல்லை. எக்ஸாமினருக்குத் தெரியவே கூடாது என்று மாதக்கணக்கில் மூடி வைத்ததை என் அம்மாவே அவர் காதில் போட்டுவிட்டாள். பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

"என்ன போர்டு?" என்று பேராசிரியை என்னைக் கேட்டார்.

சொன்னேன். தம்பி, படம், கடையில் தயாராக இருந்த கவுன், மின்னஞ்சல். எதையும் விடவில்லை. அவர் என்னிடம் பேசாமல் அந்தக் கறுப்புச் சதுரத்திடம் பேசினார்.

"அம்மா, என் பக்கம் பாக்கி ஒண்ணும் இல்லை. உங்க பொண்ணு நல்லா பண்ணியிருக்கா. நான் எழுதிக் கொடுத்திடறேன். பல்கலைக்கழகத்துலேர்ந்து ஒரு ஆணை வரும். அது கைக்கு வந்த அன்னிக்கு வையுங்க. அதுக்கு முந்தி வேண்டாம்."

"சரிங்கம்மா. அதுவரிக்கும் வெக்க மாட்டோம்," என்றாள் அம்மா.

நான் அழுதுவிட்டேன். மேசையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால்.

ஆணை வந்தது. நேர்காணலுக்கும் போய் வந்தேன். அந்த இடம் கிடைத்தது. சேர்ந்த அன்று முதல்வர் கை கொடுத்துவிட்டு, "இனிமே வீட்டுல இருக்கறவங்களையும் பார்த்துப் போடச் சொல்லுங்க மேடம்," என்றார். அந்த மின்னஞ்சலை அனுப்பியது யார் என்று இன்றுவரை தெரியாது. அவர் இன்றைக்கும் எனக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

ஊருக்கு வந்தபோது தம்பி புதுப் பேனருக்குப் பேசி வைத்திருந்தான். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டுக் கொட்டகைமேல் இருந்ததை இறக்கிச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, எங்கள் தெருமுனையில் கட்டச் சொன்னாள். மஞ்சள் எழுத்து வெளுத்திருந்தது. கல் வைத்த மூலைகள் கிழிந்திருந்தன. "இதுல இப்ப இன்னா பொய்யி கீது? இதே இருக்கட்டும்," என்றாள்.

பக்கத்தில் போய் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். தெருவே கூடியிருந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். தம்பி போனைத் தூக்கி, "அக்கா, சிரி," என்றான்.

கை தானாக எழுந்தது. நான் எழுப்பவில்லை.

அந்தப் படம் அம்மாவிடம் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாள். வெளுத்த பேனரில் என் முகம் தெரிகிறது. பக்கத்தில் நிற்கிற நான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறேன். "வெக்கப்படுது," என்று அம்மா அவர்களுக்குச் சொல்கிறாள்.